மூன்றாம் பக்கத்தில் தீர்ந்துபோகும் மனச்சோர்வு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு வெளியீடுகளின் சிறுகதைகளில் மனச்சோர்வு இப்போது அடிக்கடி தலைகாட்டுகிறது. மூடிமறைத்த காலம் போனது நல்லதே. ஆனால் முதல் பக்கத்தில் தாடியும் மழையுமாக வரும் நோய், மூன்றாம் பக்கத்தில் ஒருத்தி சிரித்ததும் மாயமாகிவிடுகிறது.

கிளினிக்குக்கு வருபவர் "எனக்குக் கவலை" என்று தொடங்குவது குறைவு. தலையிடி, நெஞ்சு பாரம், உடம்பு அலுப்பு, "ஒரே யோசனை" என்பார். விடியப்புறம் மூன்று, நாலு மணிக்கே நித்திரை குழம்பும். காலைதான் பலருக்கு மோசம். பொழுதுபடக் கொஞ்சம் தெளியும். குடிக்க வைத்த பிளேன்ரீ ஆறி எறும்பு மொய்க்கும். குளிக்கவென்று துவாயை எடுத்தவர் அரைமணி நேரமாகக் கட்டில் விளிம்பிலேயே இருப்பார். இப்படி அநேகமாக ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதியும், இரண்டு கிழமையாவது நீடித்தால்தான் மருத்துவர் அதை மனச்சோர்வு என்பார். பரீட்சை பிழைத்த இரண்டு நாள் அழுகையை அதில் சேர்க்க முடியாது.

எதையும் அனுபவிக்கும் சக்தியையே பறிக்கிற நோய் இது. அன்பானவர் பக்கத்தில் இருந்தாலும் அந்த அன்பு உள்ளே இறங்காது. "இவளுக்கு நான் பாரம்" என்ற குற்றவுணர்வாகத் திரும்பும். காதலி வந்ததும் குணமானான் என்று எழுதுவது, வாய் கைத்துக் கிடக்கும் காய்ச்சல்காரனுக்குப் பாயசம் கொடுத்ததும் காய்ச்சல் விட்டது என்பதைப் போன்றது. "ஒரு கலியாணத்தைக் கட்டி வைச்சால் எல்லாம் சரிவரும்" என்ற பேச்சு ஊரில் ஏற்கெனவே உண்டு. கதையும் அதற்கு ஒத்தூதுகிறது. சரிவராவிட்டால் பழியெல்லாம் கலியாணமாகி வந்த பெண்ணின் தலையில்.

குணமாகும் கணக்கையும் எழுதுபவர்கள் கேட்டறிய வேண்டும். குளிசையின் பலன் தெரிய இரண்டு முதல் நாலு கிழமை பிடிக்கும். குமட்டலும் பதற்றமும் முந்தி வரும், பலன் பிந்தி வரும். இந்த இடைவெளியில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், திடீரென நிறுத்தக்கூடாது. மனம் வரும்வரை காத்திராமல் சின்ன வேலைகளைக் குறித்த நேரத்துக்குச் செய்வதும் சிகிச்சைதான்: ஆறு மணிக்கு முகம் கழுவுவது, பத்து நிமிடம் முற்றம் கூட்டுவது, ஒழுங்கை முடக்குவரை நடப்பது. முதலில் செய்கை, ருசி பிறகு. பல மாதம் கழித்து ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத் துண்டு இனிக்கிறது என்று ஒருவன் திடுக்கிடும் இடத்தை யாராவது எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! சிகிச்சைக்கென்று அவனைக் கொழும்புக்கு அனுப்பவும் தேவையில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன.

காதல் தோல்விக் கதைகளின் முடிவு பற்றியும் சொல்ல வேண்டும். 1774 இல் ஜெர்மன் எழுத்தாளர் கோத்தே எழுதிய நாவலில், காதல் கைகூடாமல் உயிரை மாய்க்கும் நாயகன் வெர்தரைப் பார்த்து இளைஞர்களும் அப்படிச் செய்வார்கள் என்று அஞ்சி லைப்சிக் நகரில் அதைத் தடைசெய்தார்கள். போலச்செய்யும் தற்கொலைகளுக்கு 1974 இல் ஆய்வாளர் டேவிட் பிலிப்ஸ் வெர்தரின் பெயரையே வைத்தார். மொசார்ட்டின் 1791 ஆம் ஆண்டு இசைநாடகத்தில் சாகத் துணிந்த பப்பகேனோவை மூன்று சிறுவர்கள் தடுத்து, கையிலுள்ள மாய மணிகளை நினைவூட்டுகிறார்கள். நெருக்கடியைத் தாண்டியவர் பற்றிய எழுத்து உயிர்காக்கக்கூடும் என்பதற்கு 2010 இல் பப்பகேனோவின் பெயர் வந்தது. (மணி அடித்ததும் அங்கேயும் காதலி வந்துவிடுகிறாள், அது வேறு கதை.)

சாகத் துணியும் அந்த வேகம் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். இலங்கையில் தற்கொலை வீதம் 1995 அளவில் உச்சத்தில் இருந்தது. கடும் நஞ்சான பூச்சிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு பெருமளவு இறங்கியது. ஆகவே எழுதுபவர்கள் முறையையும் இடத்தையும் விபரிக்காமல் விடட்டும். அப்படிப்பட்ட கதையைப் பிரசுரிக்கும்போது, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைக் கதையின் அடியில் ஒரு வரியில் போடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

உளவளத்துணையாளர் ஒருவர்,
கோண்டாவில்.