ராலி தோற்ற கணக்கு

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. உன் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் விஜயாவுக்குத்தான் பெரிய நிம்மதி. இங்கே நியூ ஜெர்சியில் பனி இன்னும் விட்டபாடில்லை. சின்னவள் வேலை கிடைத்து பாஸ்டனுக்குப் போய்விட்டாள். நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியே கதி என்ற வீட்டில் வளர்ந்த பெண், எங்கள் பரம வைரி ரெட் சாக்ஸ் அணியின் ஊரில் குடித்தனம். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

குடும்பச் செய்தியை ஒரு பக்கத்தில் முடித்துவிட்டு மீதி முழுக்க உங்கள் சியாட்டில் மரைனர்ஸ் ஆட்டக்காரன் கால் ராலி புராணம் பாடியிருக்கிறாய். 2025-ல் சிறந்த ஆட்டக்காரனுக்கான எம்விபி விருது எங்கள் ஆரன் ஜட்ஜுக்குப் போனது பகல் கொள்ளையாம். ஓட்டுப் போட்ட 30 பேரில் 17 பேர் ஜட்ஜை முதலிடத்தில் வைத்தார்கள், 13 பேர் ராலியை வைத்தார்கள். இவ்வளவு இழுபறியாகவா கொள்ளையடிப்பார்கள்?

ராலி செய்ததை நான் குறைத்துப் பேசவில்லை. ஹோம் ரன் என்றால் நம் சிக்ஸர் மாதிரி பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது; ஒரே சீசனில் 60 என்பது யார் அடித்தாலும் பெரிய விஷயம். மட்டையாளனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் ராலி மாதிரி கேட்சர்களில் 2021-ல் சால்வடார் பெரெஸ் அடித்த 48-தான் அதுவரை உச்சம். இடது, வலது இரண்டு பக்கமும் நின்று மட்டை பிடிக்கிறவர்களில் மிக்கி மேன்டிலின் 54, அதுவும் 1961-லிருந்து அசையாமல் இருந்தது, அதையும் தாண்டிவிட்டான். ஆனால் ஜட்ஜின் சராசரி, அதாவது வாய்ப்புகளில் ஹிட் அடித்து பேஸ் ஏறிய பங்கு, 0.331, ராலியுடையது 0.247. மட்டையோடு நூறு தடவை போய் நின்றால் ஜட்ஜ் எப்படியாவது அவுட் ஆகாமல் ஏறக்குறைய 46 தடவை பேஸ் ஏறுகிறான், உங்கள் ஆள் 36 தடவை. அதற்கு மேல் ஜட்ஜுக்கும் 53 ஹோம் ரன் இருக்கிறது. ஏழு ஹோம் ரன்னுக்காக இவ்வளவு பெரிய இடைவெளியை மறக்கச் சொல்கிறாய்.

இதெல்லாம் நீ அறியாததல்ல. அதனால்தான் நம்பரை விட்டுவிட்டு, "ராலி இல்லாவிட்டால் 2001-க்குப் பிறகு எங்களுக்கு டிவிஷன் பட்டமே கிடைத்திருக்காது" என்று தாவிவிட்டாய். அப்படிப் பார்த்தாலும் அந்த சீசனில் நாங்கள் ஜெயித்தது 94 ஆட்டம், நீங்கள் ஜெயித்தது 90. அது போகட்டும். 2010-ல் நீ எனக்கு என்ன சொன்னாய்? உங்கள் பிட்சர், அதாவது பந்து வீசுபவன், ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸின் ஜெயிப்பு தோல்விக் கணக்கு 13–12. எங்கள் சபாத்தியா 21–7. சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஃபெலிக்ஸுக்குப் போனபோது நான் குதித்தேன். நீ பொறுமையாகப் பாடம் நடத்தினாய். அவனுடைய இஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி, 2.27, அவன் அணி வருஷம் முழுக்க எடுத்ததே 513 ரன், 101 ஆட்டம் தோற்ற கும்பலோடு ஒருத்தனைச் சேர்த்து எடை போடக் கூடாது, ஆளைத் தனியாகப் பார் என்றாய். உன் வாதம் சரிதான். நான் அதைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீ மட்டும் கைவிட்டுவிட்டாய்.

2001 என்று நீயே எடுத்துக்கொடுத்ததால் அதையும் பேசிவிடலாம். ராண்டி ஜான்சன், கிரிஃபி, அலெக்ஸ் ராட்ரிகஸ் மூவரும் வரிசையாக உங்கள் அணியை விட்டுப் போன பிறகுதான் நீங்கள் 116 ஆட்டம் ஜெயித்தீர்கள். அந்த வருஷம் உங்கள் இச்சிரோவுக்கு எம்விபி. ஓக்லண்டின் ஜேசன் ஜியாம்பியை வெறும் எட்டுப் புள்ளியில் முந்தினான். 242 ஹிட், பந்து வீசும்போதே ஓடி அடுத்த பேஸைப் பிடித்த 56 ஸ்டீல், கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் ஜியாம்பியின் சராசரி 0.342, ஹோம் ரன் 38, நூற்றுக்கு 47 தடவைக்கு மேல் பேஸில் இருந்தான். ஒருத்தன் அணிக்குக் கூடுதலாக எத்தனை வெற்றி தேடித்தந்தான் என்று சொல்லும் இன்றைய 'வார்' கணக்கில் அவன்தான் மேலே. அன்று இச்சிரோவுக்குக் கை கொடுத்தது 116 என்ற மந்திரம். அதே அணியில் பிரெட் பூன் 141 ரன் அடித்துக் கொடுத்தான் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்கள்? ஆக, 2001-ல் அணிக் கதை உங்களுக்குச் சாதகம், 2010-ல் தனி ஆள் கணக்கு உங்களுக்குச் சாதகம். 2025-ல் ஒரு தடவை எதிராகப் போனதும் கொள்ளையா?

உன் பக்கம் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதை நீ ஒரே வரியில் தாண்டிப் போனதுதான் ஆச்சரியம். கேட்சர் செய்யும் வேலையில் பாதி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஓரத்தில் விழும் பந்தை நடுவரின் கண்ணுக்கு ஸ்ட்ரைக்காக, அதாவது சரியான இடத்தில் விழுந்த பந்தாக, காட்டும் வித்தையை ஃபேன்கிராஃப்ஸ் இணையதளம் தன் 'வார்' கணக்கில் சேர்க்கிறது, பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளம் சேர்ப்பதில்லை. எந்தப் பந்தை எப்போது கேட்பது, தடுமாறுகிற பிட்சரை எப்படி ஆட்டத்துக்குள் வைத்திருப்பது, இதையெல்லாம் இருவருமே அளப்பதில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்து முட்டி தேய்ந்தவன் 60 அடிக்கிறான் என்பது வேறு ஜாதி உழைப்பு. உன் மாமனார் இங்கே வந்திருந்தபோது, "இவர்தான் விக்கெட் கீப்பரா? அப்படியானால் கேப்டனைவிட இவருக்குத்தான் வேலை அதிகம்" என்றாரே, அவர் அரை மணி நேரத்தில் பிடித்த விஷயத்தை நீ கடிதம் முழுக்கப் பிடிக்கவில்லை. இதை எழுதியிருந்தால் நான் கொஞ்சம் ஆடிப்போயிருப்பேன். அப்போதும் என் ஓட்டு ஜட்ஜுக்குத்தான், ஆனால் போடும்போது கை நடுங்கியிருக்கும். 2026 சீசனிலிருந்து நடுவரின் ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்துக் கணினியிடம் முறையிடலாம் என்கிறார்கள். அந்த வித்தைக்கு இனி எவ்வளவு மதிப்பு என்பதும் பார்க்க வேண்டியதுதான்.

லீக் பட்டத்துக்கான தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ராலி ஹோம் ரன் அடித்தும், ஏழாவது இன்னிங்ஸில் டொராண்டோவின் ஸ்பிரிங்கர் அடித்த ஒரே அடியில் எல்லாம் போனது எனக்கும் வருத்தம்தான். நம் இருவரையும் வீட்டுக்கு அனுப்பியது டொராண்டோ. இதில் நமக்குள் சண்டை இல்லை.

அடுத்த கடிதத்தில் 1995-க்குப் பதில் எழுது. 0.356 சராசரியில் அடித்து எங்களை வெளியே தள்ளிய உங்கள் எட்கர் மார்ட்டினெஸ் அந்த வருஷம் எம்விபி ஓட்டில் மூன்றாவதாகத்தான் வந்தான். மோ வான் ஜெயித்தது சரியா, 50 ஹோம் ரன்னும், ஒரே அடியில் இரண்டு பேஸ் ஓடிய 52 டபுளும் அடித்த ஆல்பர்ட் பெல்லுக்குப் போயிருக்க வேண்டுமா? உங்கள் ஊர்க்காரனை விட்டுவிட்டு நேர்மையாகச் சொல். சாந்திக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஜூனில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
சேகர்