சின்னச் சீட்டுகளைப் பார்த்து வாங்கு

அன்புள்ள கயல்,

பலன் பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டு வாங்கப் போவதாகச் சொல்லி மூன்று கட்டுகளின் படங்களை அனுப்பியிருந்தாய். மூன்றிலும் நிலா, சூரியன், மரணம், காதலர்கள் என்று அதே நாலைந்து சீட்டுகள்தான் இருந்தன. விற்கிறவர்கள் முகப்பில் வைப்பதும் அவற்றைத்தான். நிலாவையும் எலும்புக்கூட்டையும் யார் வரைந்தாலும் கண்ணைப் பிடித்து இழுக்கும். அவற்றை வைத்து ஒரு கட்டின் தரத்தைச் சொல்ல முடியாது. வாங்குமுன் ஐந்து கோப்பை, எட்டுக் கோப்பை, ஆறு வாள், பத்துக் கோல் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிப் பார். எந்தக் கட்டு உனக்கானது என்று அவை காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டில் மொத்தம் 78 சீட்டுகள். நிலா, சூரியன் போன்ற பெரிய படச் சீட்டுகள் மேஜர் அர்க்கானா என்று 22, சின்னச் சீட்டுகள் மைனர் அர்க்கானா என்று 56. இந்த 56ம் நம் ரம்மிச் சீட்டுக்கு நெருங்கிய சொந்தம். கோல், கோப்பை, வாள், காசு என நான்கு வகை. ஒவ்வொன்றிலும் ஏஸ் முதல் பத்து வரை, அதன்பின் பேஜ், நைட், குயின், கிங். ரம்மியில் 13 இருக்குமிடத்தில் இங்கே 14. நாம் இஸ்பேட் என்கிறோமே, அதன் மூலமான ஸ்பேட் என்ற பெயரே வாளைக் குறிக்கும் தென் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்ததுதான். டாரட் பிறந்ததும் விளையாடுவதற்காகவே. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்களின் வீடுகளில் ஆடிய சீட்டு அது. மிலான் ஆட்சியாளர்களான விஸ்கோன்டி–ஸ்ஃபோர்சா குடும்பத்துக்காகத் தங்கத் தகடு ஒட்டிக் கையால் தீட்டிய கட்டு ஒன்றில் 74 சீட்டுகள் இன்றும் இருக்கின்றன. சாத்தான், கோபுரம், மூன்று வாள், காசு நைட் ஆகிய நாலும் கிடைக்கவில்லை. அந்தக் கட்டின் மறுபதிப்புகளில் இந்த நாலும் பிற்காலத்தவர் வரைந்து சேர்த்தவை. ‘எகிப்தியக் கோயில் ரகசியம்’ என்று எந்தப் பெட்டியிலாவது அச்சடித்திருந்தால் நம்பாதே. 1781ல் கூர் தெ ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர் ஆதாரமே இல்லாமல் எழுதிவைத்த கதை அது. பலன் பார்ப்பதும் பார்க்காததும் உன் விருப்பம். நான் எழுதப்போவது படத்தையும் அட்டையையும் பற்றி மட்டும்.

மைனர் சீட்டுகளில்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் பமேலா கோல்மன் ஸ்மித். 1909 வரை பெரும்பாலான கட்டுகளில் ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பைகளை அடுக்கி வரைந்திருப்பார்கள், அவ்வளவுதான். மறைஞான நூல்கள் எழுதிய ஆர்தர் எட்வர்ட் வெயிட் கேட்டுக்கொண்டதன்பேரில் லண்டனில் ரைடர் நிறுவனத்துக்காக ஸ்மித் வரைந்த கட்டில் ஒவ்வொரு எண் சீட்டும் ஒரு காட்சியானது. சில மாதங்களுக்குள் வரைந்து முடித்த வேலை. அந்த நவம்பரில் புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், மிகக் குறைந்த காசுக்கு ஒரு பெரிய வேலையை முடித்திருப்பதாக ஸ்மித் குறிப்பிடுகிறார். உலகம் முழுவதும் விற்ற அந்தக் கட்டுக்கு ‘ரைடர்–வெயிட்’ என்று பதிப்பகத்தின் பெயரும் எழுதியவர் பெயரும் நிலைத்தன. வரைந்தவர் பெயர் விட்டுப்போனது. 1951ல் கார்ன்வாலில் பியூட் என்ற ஊரில் கடனோடு இறந்தார். இப்போது ரைடர்–வெயிட்–ஸ்மித் என்று பலரும் சேர்த்துச் சொல்கிறார்கள். நீயும் அப்படியே சொல்.

எட்டுக் கோப்பையை எடுத்துக்கொள். சிவப்பு உடையில் ஒருவன் கோலூன்றி, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலைப்பக்கம் நடக்கிறான். முன்னால் கீழே ஐந்து, மேலே மூன்று என்று கோப்பைகள். மேல் வரிசையைக் கவனி: சரியாக அடுக்காமல் நடுவில் ஸ்மித் ஓர் இடைவெளி விட்டிருக்கிறார். இன்னொரு கோப்பை அங்கே உட்கார்ந்தால் வரிசை நிறைந்துவிடும் போல இருக்கும். அவன் ஏன் போகிறான் என்பதை அந்த ஒரு விரற்கடை வெற்றிடம் சொல்லிவிடுகிறது. ஸ்மித்தைப் பின்பற்றி வரைந்த கட்டுகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பல இந்த இடைவெளியை அடைத்து எட்டையும் ஒழுங்காக அடுக்கிவிடுகின்றன. சீட்டின் உயிர் போய்விடுகிறது. ஆறு வாளிலும் இப்படித்தான். படகின் ஒரு பக்கம் தண்ணீரில் அலை, மறுபக்கம் சலனமே இல்லை. ஐந்து காசில் பனியில் ஊன்றுகோலோடு போகிறவனின் கழுத்தில் ஒரு சிறு மணி தொங்கும். இதையெல்லாம் வேறு விதமாக வரைவது ஓவியரின் உரிமை. ஆனால் எடுத்த இடத்தில் வேறெதையாவது வைத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

ஸ்மித் நாடக மேடையோடு பழகியவர். லண்டன் லைசியம் தியேட்டர்க்காரர்களோடு நெருக்கம். இரண்டு காசு, நாலு காசு சீட்டுகளில் ஆள் நிற்கும் தரைக்கும் பின்னால் தெரியும் கடலுக்கோ ஊருக்கோ நடுவே நேர்க்கோடு ஒன்று போகும். மேடையும் பின்திரையும் போல. இந்த எண் சீட்டுகளுக்கு ஒரு முன்னோடியும் உண்டு. சோலா புஸ்கா என்ற 1491 வாக்கிலான இத்தாலியச் செப்புத்தகட்டுக் கட்டு. இப்போது மிலானின் பிரேரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1907ல் அதன் புகைப்படங்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. இதயத்தில் மூன்று வாள் பாய்ந்திருக்கும் படம் அதில் உண்டு. அதன் பத்து வாள் சீட்டில் வாள்களைக் கட்டாகச் சுமப்பவன்தான் ஸ்மித் கையில் பத்துக் கோல் சுமப்பவனாக மாறினான் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே தெரியும்.

இனி உன் மூன்று கட்டுகள். முதலாவது, பிரெஞ்சு நகரான மார்செயின் பெயர் கொண்ட வகை. 1650 வாக்கில் பாரிஸில் ழான் நொப்லே, 1760ல் மார்செயில் நிக்கோலா கோன்வேர் என்று மரக்கட்டை அச்சுக்காரர்கள் வளர்த்த பாணி. தடித்த கறுப்புக் கோடு, துளை வெட்டிய தகடு வைத்துப் பூசிய நாலைந்து வண்ணம். ரோமன் எண்ணில் நாலு என்பதை IV என்று போடாமல் நாலு கோடாகவே போடுவார்கள். பதின்மூன்றாம் சீட்டான மரணத்தில் பெரும்பாலும் எண் மட்டும் இருக்கும், பெயர் இராது. எண் சீட்டுகளில் காட்சி இல்லை. வாள்கள் வளைந்து கூடை பின்னியதுபோல் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த பாணி, ஆனால் உனக்கு முதல் கட்டாக வேண்டாம். நீ கதை தேடுகிறாய். இது அமைப்பைக் காட்டும். இன்னொன்று, மார்செயில் நீதி எட்டாவது, வலிமை பதினொன்றாவது. வெயிட் இரண்டையும் மாற்றிப் போட்டார். ஒன்றின் கையேட்டை மற்றொன்றுக்கு வைத்துப் படித்தால் இங்கேதான் குழம்பும்.

மூன்றாவது, கணினியில் வரைந்த புதுக் கட்டு. திரையில் பார்த்து மயங்காதே. திரை ஒளியால் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. அந்த மின்னும் நீலமும் ஊதாவும் நாலு வண்ண அச்சில் வராது. இருட்டான பின்னணியில் இருக்கும் உருவங்கள் கறுப்போடு கலந்துவிடும். சோதிக்க எளிய வழி உண்டு. எண் சீட்டுகளில் ஐந்தை 7க்கு 12 சென்டிமீட்டர் அளவில் சாதாரணத் தாளில் அச்செடு. மேசையில் வைத்து நின்றபடி பார். யார், எங்கே, என்ன செய்கிறார் என்று மூன்று நொடியில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது சுவருக்கான ஓவியம், சீட்டுக்கு ஆகாது. நீ அனுப்பிய கட்டில் ஏழு கோலும் ஒன்பது கோலும் ஒரே பெண், ஒரே மூடுபனி. பெயரை மறைத்தால் எது எதுவென்று சொல்ல முடியவில்லை. இது பெரிய குறை. மேஜருக்கு ஆறு மாதமும் மைனருக்கு ஆறு வாரமும் செலவிட்டதுபோல் இருக்கிறது.

தோத் கட்டைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஆங்கிலேய மறைஞானி அலெஸ்டர் க்ரௌலி திட்டமிட்டு, ஓவியர் ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை நீர்வண்ணத்தில் தீட்டியது. அதை அச்சுக்கட்டாக இருவருமே பார்க்கவில்லை. க்ரௌலி 1947ல் போனார், ஹாரிஸ் 1962ல் ஸ்ரீநகரில் காலமானார். வண்ணமும் வடிவக் கணிதமும் அபாரம். ஆனால் வலிமை, நிதானம் போன்ற சீட்டுகளுக்கே பெயர் வேறு, அரச வரிசையில் பிரின்ஸும் பிரின்சஸும் வருவார்கள். பிறகு அடுத்த கட்டாக வாங்கிக்கொள்ளலாம்.

ஆக, நீ அனுப்பியதில் இரண்டாவதான ஸ்மித் கட்டு. அதிலும் எந்தப் பதிப்பு என்பதுதான் கேள்வி. ஸ்மித் இறந்து 60 ஆண்டுகள் 2011ல் முடிந்ததால் இந்தியாவில் அந்த மூலப் படங்கள் பொதுவுடைமை. யாரும் அச்சடிக்கலாம், அடிக்கிறார்கள். அதனால் நல்லதும் மட்டமும் ஒரே பெயரில் கிடைக்கிறது. பிரித்தறிய ஓர் இடம் சொல்கிறேன். பெரும்பாலான சீட்டுகளின் கீழ் மூலையில் ஸ்மித் தன் முதலெழுத்துகளைப் பாம்பு சுற்றியதுபோல் ஒரு முத்திரையாகப் பின்னியிருப்பார். அந்த மெல்லிய கோடு அறுபடாமல், மை பரவாமல் இருந்தால் அச்சு நல்லது. கொசகொசவென்று கறுப்புத் திட்டாக இருந்தால் நகலுக்கு நகல் எடுத்தது. ஓரம் இல்லாத சில பதிப்புகளில் அந்த முத்திரையையே வெட்டியிருப்பார்கள், அதை வாங்காதே. பளீர் மஞ்சள் வானம் கொண்ட பதிப்புகளைவிட 1909 அச்சின் மங்கிய வண்ணத்தைப் பின்பற்றும் பதிப்புகளில் முகபாவம் நன்றாகத் தெரியும். கோட்டையும் சேர்த்து மீண்டும் வரைந்து மெருகேற்றிய பதிப்புகளில் முகமெல்லாம் பொம்மை முகமாகிவிடுகிறது.

அளவு: டாரட்டின் வழக்கமான அளவு 70க்கு 120 மில்லிமீட்டர். ரம்மிச் சீட்டு 63க்கு 88. உன் கை சிறியது என்பதால் நீளவாக்கில் பிடித்துக் கலைக்கச் சிரமமாக இருக்கும். கட்டைப் பக்கவாட்டில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து முன்னே போட்டுக் கலை. பாதி பாதியாகப் பிரித்து விரலால் சரசரவென்று கோத்தால் சீட்டு நடுவில் வளைந்து அப்படியே நின்றுவிடும். அட்டை 300 முதல் 350 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) போதும். 78ம் சேர்ந்து இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்குப் பக்கத்தில் வரும். ‘400 ஜிஎஸ்எம்’ என்று பெருமையாகப் போட்டிருந்தால் கட்டு கைக்கு அடங்காது. பளபளப்பு லேமினேஷன் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கூசும், ஒன்றோடொன்று ஒட்டும். மேட் அல்லது துணி நெசவு போன்ற மேற்பரப்பு நல்லது. பொன்முலாம் பூசிய விளிம்பு இருந்தால் முதல் தடவை ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தெடு. மொத்தமாக இழுத்தால் பூச்சு உரியும். கறுப்பு ஓரம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சில மாதத்தில் மூலைகளில் வெள்ளை தெரியும். தலைகீழாக விழும் சீட்டுக்குத் தனிப் பலன் பார்ப்பதாக இருந்தால் பின்பக்க வடிவம் நேராக வைத்தாலும் தலைகீழாக வைத்தாலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

அசல் விலையில் நாலில் ஒரு பங்குக்கு ஒரு புதுக் கட்டு கிடைத்தால் அது திருட்டு அச்சு. கையேட்டுக்குப் பதில் ஒரு கியூஆர் கோடு, ஓவியர் பெயர் இல்லாத பெட்டி, அசலைவிடச் சிறிய சீட்டு, ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் வெட்டிய ஓரம். இந்த நாலில் இரண்டு இருந்தாலே திருப்பி அனுப்பு. இன்று உயிரோடிருக்கும் ஓவியரின் காசை எடுக்கிறார்கள். ஸ்மித்துக்கு நடந்தது இன்னொருவருக்கும் நடக்க வேண்டாம்.

வந்ததும் எண்ணிப் பார்: 22, பிறகு 14 வீதம் நாலு. விளம்பரச் சீட்டு ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கலாம், அவற்றை எடுத்துவிடு. சென்னைக் காற்றில் பத்து நாளில் சீட்டுகள் லேசாக வளையும். இரண்டு பக்கமும் ஈரத்தை ஒரே அளவில் உறிஞ்சாததால் அப்படி ஆகிறது. வெயிலில் காயவைக்காதே, லேமினேஷன் ஓரத்தில் கிளம்பிவிடும். நேராக அடுக்கி இரண்டு மூன்று நாள் கனமான புத்தகத்தின் அடியில் வை. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. விபூதி, குங்குமம், சந்தனம், ஊதுபத்தி எதையும் கட்டோடு சேர்த்து வைக்காதே. துகள் சீட்டுகளுக்கு நடுவே உரசிக் கீறும், எண்ணெய் ஊறினால் போகாது. துடைக்க உலர்ந்த கண்ணாடித் துணி போதும்.

முதல் வாரம் கையேட்டைத் திறக்க வேண்டாம். எண் சீட்டுகளில் 36ஐ மட்டும், அதாவது இரண்டு முதல் பத்து வரை நாலு வகையும், தரையில் ஒன்பது நிரலாகப் பரப்பு. எல்லா ஐந்துகளையும் ஒன்றாகப் பார், எல்லா ஆறுகளையும் ஒன்றாகப் பார். நாலு ஐந்துகளிலும் யார் நிற்கிறார்கள், யார் குனிந்திருக்கிறார்கள் என்று குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா