கலர் அடிக்கிறதுக்கு முன்னால கோட்டுல உள்ள இடைவெளிய மூடச் சொல்லிக் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லீவு விட்டாச்சுன்னா போதும், பாளையங்கோட்டை, ஜங்ஷன், டவுன்னு எங்க பாத்தாலும் அனிமேஷன் வகுப்பு நோட்டீஸ்தான், நம்ம பேப்பருக்குள்ளயும் மடிச்சு வச்சு வருது. "நீங்க வரைஞ்சா போதும், கலரை கம்ப்யூட்டரே அடிச்சிரும்"னு போடுதாங்க. அடிக்கும்தான், இல்லேங்கல. எந்த மாதிரி கோட்டுக்கு அடிக்கும்ங்கிறத மட்டும் சொல்லித் தர மாட்டேங்காங்க.

எங்க தெருப் பையன் அப்படி ஒரு வகுப்புக்குப் போய்ட்டு வந்து நெல்லையப்பர் கோயில் தேரை வரைஞ்சிருந்தான். நல்ல கை அவனுக்கு, குதிரை, தேர்ல தொங்குற துணித் தொம்பை, வடம்னு ஒண்ணு விடல. அதை ஃபோன்ல போட்டோ புடிச்சு கம்ப்யூட்டர்ல ஏத்தி தொம்பையில செவப்ப ஒரு தட்டு தட்டுனான், வானம், ரதவீதி, வடம் இழுக்கவங்க மூஞ்சி வரைக்கும் செவப்பாப் போச்சு. பெருசு பண்ணிப் பாத்தா, தொம்பை ஓரத்துல பென்சிலைத் தூக்கி வச்ச எடத்துல ஒரு மயிரிழை இடைவெளி. வரப்புல நண்டு வளை ஒண்ணு இருந்தா ராத்திரியோட தண்ணி பூரா அடுத்த வயலுக்குப் போயிரும்லா, அதே கததான்.

இடைவெளியத் தானா அடைக்க ஆப்ஷன் இருக்கேம்பீங்க. ஓப்பன்டூன்ஸ், கிளிப் ஸ்டுடியோன்னு படம் வரையுற சாஃப்ட்வேர் ரெண்டுலயும் இருக்கு, ஆனா எவ்வளவு பெரிய இடைவெளிய அடைக்கணும்ங்கிற அளவைக் கூட்டிக்கிட்டே போனா விரல் இடுக்கு, வடத்துக்கு நடுவுல உள்ள சந்து எல்லாத்தையும் ஓட்டைன்னு எடுத்துக்கிட்டு அடைச்சிரும். அதனால வரையும்போதே மூடிரணும். கருப்புக் கோடு வேண்டாம், ஆனா கலர் அங்க நிக்கணும், அதாவது துணியில நிழல் விழுற மாதிரி எடம்னா, செவப்பு, இல்லேன்னா நீலப் பென்சில்ல கோடு போட்டு மூடுவாங்க, கலர் அடிச்சு முடிச்சதும் அந்தக் கோடு பக்கத்துக் கலரோட கலந்துரும், இது ஸ்டுடியோக்கள்ல ரொம்ப நாளா உள்ள வழக்கம்.

ஃபோன் போட்டோவும் வேண்டாம், ஒரு பக்கம் நிழல் விழுந்துரும். 300 டிபிஐல (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் பண்ணி, பிஎன்ஜிங்கிற ஃபைல் வகையா சேவ் பண்ணணும், ஜேபெக் வகைன்னா கோட்டைச் சுத்தி பொடிப்பொடியா சாம்பல் புள்ளி நிக்கும், கலர் அதுல முட்டி வெள்ளையா ஒரு விளிம்பு விட்டுரும்.

ஒத்தைப் படம்னா கையால ஒப்பேத்திரலாம். அனிமேஷன்னா செகண்டுக்கு 24 ஃப்ரேம் (திரையில அடுத்தடுத்து வர்ற காட்சி), ரெண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம்னு சிக்கனமாப் போட்டாலும் 10 செகண்டுக்கு 120 படம் வருது, அத்தனையிலயும் ஓட்டை தேடிக்கிட்டு உக்காந்தா பையன் அனிமேஷனே வேண்டாம்னு ஓடிருவான்.

இன்னொண்ணு, சாஃப்ட்வேருக்குன்னு தனியா ஃபீஸ் கேட்டா பெத்தவங்க யோசிங்க. ஜப்பான்ல கிப்லிங்கிற அனிமேஷன் ஸ்டுடியோ வச்சு வேலை பாத்த டூன்ஸ்ங்கிற சாஃப்ட்வேர்தான் 2016ல ஓப்பன்டூன்ஸ்னு இலவசமா வந்துச்சு, படம் வரையுற கிரிட்டா சாஃப்ட்வேரும் இலவசம்தான். காசு கட்டுறதுக்கு முன்னால, க்ளீன்-அப்புக்கு, அதாவது கலர் அடிக்கிறதுக்கு முன்னால கோட்டைச் சரிபண்ணி மூடுற வேலைக்கு, எத்தனை வகுப்பு ஒதுக்கியிருக்கீங்கன்னு கேளுங்க. நம்ம பேப்பரும் சிறுவர் பக்கத்துல இதப் பத்தி படத்தோட ஒரு அரைப் பக்கம் போட்டா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.