டேப் நுனியைப் பிடித்திருந்த பிள்ளைக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே நலம். பேத்திக்குச் சளி விட்டதா? ராத்திரியில் ஃபேனுக்கு நேராகப் படுக்கவைக்காதே.

போனில் பேசிவிடலாம் என்று இரண்டு தடவை கையில் எடுத்தேன். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் வைத்துவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் டீமில் இருக்கும் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னாய். பிரசவ லீவு முடிந்து வந்திருக்கிறாள், அப்ரைசலில் அவளுக்குக் கீழ் ரேட்டிங்தான் போடவேண்டியிருக்கும் என்றாய். "ஆறு மாசம் ஆபீஸ்லயே இல்லம்மா. வருஷம் பூரா வேலை பார்த்தவனையும் அவங்களையும் எப்படி ஒண்ணா வைக்கிறது? மத்தவங்களுக்கு அநியாயம் இல்லையா?" என்று கேட்டாய். உனக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. நியாயமாக நடக்கவேண்டும் என்று நினைத்துத்தான் அப்படிக் கேட்டாய். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஸ்போர்ட்ஸ் டேக்கு முந்தின நாள் என்னோடு ஸ்கூல் மைதானத்துக்கு வருவாயே, ஞாபகம் இருக்கிறதா? வாளியில் சுண்ணாம்புப் பொடி, ஆணி, கயிறு, அந்த மஞ்சள் டேப். நுனியை உள்கோட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நீ குத்தவைத்திருப்பாய். நான் மறுமுனையோடு நடப்பேன். ஒரு தடவை, "ஏம்மா வெளிக்கோட்டுல ஓடுறவள மட்டும் முன்னால நிறுத்துற? அவதான ஜெயிப்பா?" என்று கேட்டாய். பதில் சொல்லாமல் உன்னை இரண்டு தடத்திலும் நடக்கவிட்டு அடி எண்ணச் சொன்னேன். வெளித் தடத்தில் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. வளைவில் வெளியே போகப்போகத் தூரம் கூடும். தடத்தின் அகலம் 1.22 மீட்டர் என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டாவது தடத்துக்காரியை 7 மீட்டர் முன்னால் நிறுத்தவேண்டும், எட்டாவது தடத்துக்காரியை 53 மீட்டர். அப்போதுதான் எட்டுப் பேரும் ஒரே தூரம் ஓடுவார்கள். சுண்ணாம்புக் கையோடு "அப்ப இது சும்மா குடுக்கிறது இல்லம்மா" என்றாய். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளங்கியது.

அந்தப் பெண் வேலை பார்த்தது ஆறு மாசம். அந்த ஆறு மாசத்தில் என்ன செய்தாள் என்று பார். மற்றவர்களின் பன்னிரண்டு மாசத்தை அவள் பக்கத்தில் வைத்து அளந்தால், அவள் ஓடாத தூரத்துக்கும் சேர்த்து நேரம் பார்க்கிறாய் என்று அர்த்தம்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்று நீ கேட்கலாம். நீ வயிற்றில் இருந்தபோது நான் ஜவுளிக்கடையில் நின்றவள். உடற்கல்வி டீச்சருக்கான பி.பி.எட். படிப்பு முடித்து எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம். மதுரையில் ஒரு கடை, பெயர் வேண்டாம். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பது. பட்டு செக்ஷனில் ஆண்கள், சம்பளம் கூட. எங்களுக்குச் சுங்குடி, காட்டன், பாவாடைத் துணி. ஒரு அம்மா நாற்பது சேலை விரித்துப் பார்த்துவிட்டு எழுந்துபோனால், நாற்பதையும் மடிக்கவேண்டும், நின்றுகொண்டே. கல்லாவில் இருப்பவருக்கு நாற்காலி உண்டு. எங்களுக்கு ஒரு ஸ்டூல் கிடையாது. ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் வைத்து, அலமாரியில் முதுகைச் சாய்த்து, அதையும் சூப்பர்வைசர் பார்க்காதபோது செய்யவேண்டும். ஐந்தாம் மாசம் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. வெறுங்காலோடு பஸ் ஏறி வந்திருக்கிறேன். ஒருநாள் துணி பண்டலில் உட்கார்ந்துவிட்டேன். "உட்காரணும்னா வீட்ல போய் உட்காரு" என்றார். ஏழாம் மாசம் அப்படியே அனுப்பிவிட்டார்கள். பேறுகாலப் பயன் சட்டம் 1961-லேயே வந்ததாம். எனக்கு யார் சொன்னது?

2021 செப்டம்பரில் நம் சட்டப்பேரவையில், கடைகளில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது. டிவியில் அந்தச் செய்தி ஓடியபோது நான் அழுததைப் பார்த்து அப்பா பயந்துவிட்டார். ஒரு ஸ்டூலுக்கு, தம்பி! ஒரு ஸ்டூலுக்குச் சட்டம் வேண்டியிருந்தது.

பெண்ணால் முடியாது என்று சொல்வதற்கு ஆட்கள் எப்போதும் தயாராக இருந்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் 1928 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதல்முறையாக 800 மீட்டர் வைத்தார்கள். இறுதி ஓட்டத்தில் ஒன்பது பேர், ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு ஜெயித்தார். ஆனால் பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960-ல், ரோமில். ஓடி முடித்து மூச்சு வாங்கித் தரையில் விழாத ஆண் எங்கே இருக்கிறான்? நான் ஓடியதும் 800 மீட்டர்தான். கடைசி வளைவில் தொடை கல்லாகிவிடும், கோடு தாண்டியதும் விழத்தான் செய்வோம். லாஸ் ஏஞ்சலஸில் 1984-ல் பி.டி. உஷா விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்டாரே, அந்த 400 மீட்டர் தடை ஓட்டம் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் வந்ததே அந்த வருஷம்தான். எத்தனை தலைமுறைப் பெண்கள் கோட்டுக்கே வராமல் போயிருப்பார்கள்.

2025 நவம்பர் 2-ஆம் தேதி, நவி மும்பையில் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்து உலகக் கோப்பையைத் தூக்கியபோது, நடுராத்திரியில் போன் பண்ணிக் கத்தினாயே. "இப்ப மேட்ச் ஃபீஸ் ஆம்பளைங்களுக்குச் சமம்மா" என்றும் சொன்னாய். உண்மைதான், 2022-ல் கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், இருபது ஓவருக்கு 3 லட்சம். ஆனால் பெண்களுக்கு வருஷத்தில் எத்தனை டெஸ்ட் வைக்கிறார்கள்? ஆடாத ஆட்டத்துக்கு ஃபீஸ் எங்கிருந்து வரும்? வாரியம் போடும் வருஷ ஒப்பந்தத்தில், 2024-25-ல், ஆண்களின் ஏ கிரேடுக்கு 5 கோடி, பெண்களின் ஏ கிரேடுக்கு 50 லட்சம். அந்தச் சமம் எவ்வளவு தூரத்துக்குச் சமம் என்று நீயே பார்த்துக்கொள்.

உன் ஆபீசிலும் அப்படித்தான். 26 வாரம் லீவு 2017-லிருந்து உண்டு, நீங்களும் கொடுத்துவிட்டீர்கள். லீவைக் கையில் கொடுத்துவிட்டு ரேட்டிங்கில் பிடித்துக்கொண்டால், கொடுத்தது என்ன? மருமகள் பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பினாளே, அந்த வருஷம் அவள் ஆபீசில் அவளுக்கு என்ன போட்டார்கள்? ஒருநாளாவது கேட்டாயா? எனக்குத் தெரியும், என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவளிடமே கேள்.

மாசக் கடைசிக்குள் ரேட்டிங் அனுப்பவேண்டும் என்றாய். அதற்கு முன்னால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசு. வேலை பார்த்த மாசங்களில் என்னென்ன முடித்தாள் என்று அவள் வாயால் கேள். அதை மட்டும் வைத்துப் போடு. மேலே இருப்பவர்கள் கேட்டால் கணக்கைக் காட்டு. உனக்குச் சங்கடம் வரலாம், தெரியும். வரட்டும்.

பருப்புப் பொடியும் எள்ளு மிட்டாயும் கூரியரில் போட்டிருக்கிறேன். மிட்டாயைப் பாப்பாவுக்கு உடைத்துக் கொடு, முழுசாகக் கொடுக்காதே. மருமகளுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
அம்மா