ரெம்பிராண்ட் ஓவியத்தை முழுமையாக வெளியிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் இணைப்பிதழில், இயேசு கடலின் கொந்தளிப்பை அடக்கியதைப் பற்றிய கட்டுரையுடன், டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 'கலிலேயக் கடலில் புயல்' ஓவியத்தை வெளியிட்டிருந்தீர்கள். பரோக் எனப்படும் பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலைப் பாணியைச் சேர்ந்த ஓவியம் ஒன்றுக்குத் தமிழ் நாளிதழ் இவ்வளவு இடம் ஒதுக்கியது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் நெட்டுவாக்கில் அமைந்த அந்த ஓவியத்தைப் பக்கத்தின் அகலத்துக்கு ஏற்ப வெட்டியதில், இடப்பக்கத்து அலையும் பாயும் மட்டுமே எஞ்சியிருந்தன. இயேசு இருக்கும் வலப்பக்கம் அச்சில் அறவே இல்லை.

1633-இல் தீட்டப்பட்ட இந்த ஓவியத்தின் உயிரே அந்த இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதில்தான் இருக்கிறது. இடப்பக்கம் மேகம் சற்றே விலகி மஞ்சள் ஒளி பாய, வெண்ணுரை பொங்கும் அலை படகின் முன்பகுதியைத் தூக்கி எறிகிறது. கிழிந்த பாயையும் அறுந்த கயிற்றையும் பிடித்துச் சீஷர்கள் சிலர் போராடுகிறார்கள். சாய்ந்து நிற்கும் பாய்மரத்துக்கு இப்பால், இருள் கவிந்த படகின் பின்பகுதியில், அப்போதுதான் உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட இயேசுவைச் சூழ்ந்து மற்றவர்கள் கலங்குகிறார்கள். ஒருவர் விளிம்பில் குனிந்து வாந்தி எடுக்கிறார். வேறொருவர் சுக்கானை விடாமல் பற்றியிருக்கிறார். அத்தனை பேரிலும் பதறாத முகம் இயேசுவினுடையது ஒன்றுதான். படகில் இருப்பவர்களை எண்ணினால் பதினான்கு பேர் வரும். இயேசுவும் பன்னிரு சீஷரும் போக மிஞ்சும் அந்த ஒருவர், ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் கயிற்றையும் பற்றியபடி நேராக நம்மைப் பார்க்கிறார். அது ரெம்பிராண்டின் சொந்த முகம் என்றே கலை வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகின்றனர். விவிலியக் காட்சிக்குள் ஓவியர் தாமே ஏறி அமர்ந்துகொண்டு பார்ப்பவரையும் உள்ளே அழைக்கும் இந்தத் துணிவை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

படத்தின் கீழே, ஓவியம் பாஸ்டன் நகரில் உள்ள இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அது அங்கே இல்லை. 1990 மார்ச் 18 அதிகாலையில் காவலர் உடையில் நுழைந்த இருவர் காவலாளிகளைக் கட்டிப்போட்டு, இதையும் சேர்த்து 13 கலைப்பொருள்களைத் திருடிச் சென்றனர். ஏறத்தாழ 160 சென்டிமீட்டர் உயரமும் 128 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இந்தத் துணி ஓவியத்தைச் சட்டத்திலிருந்து அறுத்தே எடுத்தார்கள். ஒரு கோடி டாலர் வெகுமதி அறிவிக்கப்பட்டும் ஒன்றும் மீட்கப்படவில்லை. வெற்றுச் சட்டம் மட்டும் சுவரில் தொங்குகிறது.

ஆகவே, பாஸ்டனில் வாழ்பவருக்கும் கோத்தகிரியில் வாழும் எனக்கும் இன்று இந்த ஓவியம் கிடைப்பது அச்சிலும் திரையிலும்தான். மூலத்தைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாத ஒரு படைப்பை வெட்டி வெளியிடும்போது, வாசகர் இழப்பது மிகப் பெரிது. எங்கள் மலையில் ஓவியக் காட்சிக்கூடம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து ஓய்வுநாள் பாடசாலைக்கு வரும் பிள்ளைகள், தங்கள் இணைப்பிதழின் படங்களைக் கத்தரித்துச் சார்ட் அட்டையில் ஒட்டி வைக்கிறார்கள். இந்த வாரம் அவர்கள் ஒட்டிய படகில் இயேசு இல்லை.

வண்ணத்திலும் கவனம் வேண்டும். கருமை அப்பிவிடும் என்ற அச்சத்தாலோ என்னவோ, வெளிச்சத்தைக் கூட்டியதில் புயல் வானம் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. இருளை வைத்தே ஒளியைக் காட்டிய ஓவியருக்கு இது பொருந்தாது.

இதே ஓவியத்தை நெட்டுவாக்கில், ஓரம் எதுவும் குறையாமல், இயல்பான வண்ணத்தில், அது களவுபோன செய்தியையும் சேர்த்து, வரும் ஞாயிறு இணைப்பிதழில் மீண்டும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரைக்கான இடத்தைச் சற்றே குறைத்தாலும் வாசகர்கள் வருந்தமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்