டயர் பட்டறைக்காரனுக்கு ஒரு மீன் கதை

சியாட்டில்
நவம்பர், 2024

அன்புள்ள சேகர்,

இங்கு நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும். ஆறு மாதமாகக் கடிதம் போடவில்லை, திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு. டயர் சங்கதி. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

விடுப்புப் போட்டுவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளோடு ஓடைக்குப் போவதாகச் சொன்னேன் அல்லவா? மேற்கு சியாட்டிலின் லாங்ஃபெலோ ஓடை. கரையை மூடிக்கிடக்கும் ஹிமாலயன் பிளாக்பெர்ரி முள்ளை வேரோடு பிடுங்குவோம். நம் சீமைக்கருவேலம் மாதிரி, விட்டால் ஊரையே வளைத்துவிடும். அந்த இடத்தில் வில்லோ மரப் போத்துகளை ஊன்றுவோம். நிழல் விழுந்தால்தான் தண்ணீர் குளிர்ந்திருக்கும், சால்மன் தங்கும்.

போன வாரம் நல்ல மழை. மறுநாள் பதினோரு வயதுப் பிள்ளைகளோடு போனோம். கை நீளத்துக்கு ஒரு கோஹோ சால்மன், பெண் மீன், மேல்மட்டத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. வாயைப் பிளந்தது. ஒருபக்கமாகச் சாய்ந்தது, வாலை அடித்து நிமிர்ந்தது, மறுபடியும் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. கூட வந்த மீன் கணக்கெடுப்பாளர் அதன் வயிற்றைக் கீறிக் காட்டினார். மாதுளை முத்துகளைப் போல அத்தனை முட்டைகளும் உள்ளேயே இருந்தன. கடலில் வளர்ந்து, மூன்று வயதில் முட்டையிட ஒரே ஒரு முறை ஓடைக்குத் திரும்பும் மீன் அது. இட்டுவிட்டுச் சாவது அதன் விதி. இது இடாமலே செத்தது, சேகர்.

காரணத்தை 2020இல்தான் கண்டுபிடித்தார்கள். ரப்பரில் வெடிப்பு விழாமலிருக்க டயரில் ஒரு ரசாயனம் சேர்க்கிறீர்களே, 6பிபிடி, அது காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து வேறொரு நஞ்சாகிவிடுகிறது. சாலையில் தேய்ந்து கிடக்கும் தூளிலிருந்து மழை அதை ஓடைக்குக் கொண்டுவருகிறது. கோஹோ சாகச் சில மணி நேரம் போதும். சம் என்ற இன்னொரு சால்மனை அது ஒன்றும் செய்வதில்லை.

“நாம் வந்த பஸ்ஸின் டயரிலும் இருக்கிறதா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். “இருக்கிறது” என்றேன். வேறென்ன சொல்வது? திரும்பும்போது பஸ்ஸில் ஒரு சத்தமில்லை.

ஆனால் வழியில்லாமல் இல்லை. சாலைத் தண்ணீரை மணலும் மக்கு உரமும் கலந்த படுகை வழியாக வடியவிட்டால் அதே தண்ணீரில் கோஹோ பிழைக்கிறது, சோதித்தே காட்டியிருக்கிறார்கள். பள்ளி வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் அப்படியொரு படுகை வெட்டப் பிள்ளைகள் இடம் அளந்துவிட்டார்கள். ராத்திரியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. டயர் கம்பெனிகள் மாற்றுப் பொருள் தேடியாக வேண்டும் என்று கலிஃபோர்னியா 2023இல் விதி போட்டது. “மீனுக்காக டயரை மாற்றச் சொல்கிறாயா?” என்பாய். ஆமாம், சொல்கிறேன்.

உன் ரீட்ரெடிங் ரப்பரில் அது இருக்கிறதா? சரக்குக் கொடுப்பவரிடம் கேட்டு எழுது. மழை பெய்த மறுநாள் மோகனூர்க் காவிரிப் பக்கம் போனால், நாம் துண்டு விரித்து மீன் பிடித்த இடத்தில் கொஞ்சம் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு வா.

வேலு வீட்டுப் பத்திரிகை வந்தது. மறுபடியும் என் பெயரைக் ‘கண்ணாயிரம்’ என்றே அச்சடித்திருக்கிறான், கவனித்தாயா? அம்மாவுக்கு வணக்கம் சொல். நாளை விடிந்ததும் நாற்பது போத்துகள் ஊன்ற வேண்டும்.

அன்புடன்,
கண்ணன்