ஊதுகுழல் நின்ற பக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'அளவுக்கு மீறிப் புகழப்பட்ட எழுத்தாளர்கள்' என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கல்கி, மு.வ. என்கிற மு. வரதராசன், ஜெயகாந்தன் என்று வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு நாலு வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார் கட்டுரையாளர். இப்படி ஒரு விவாதம் வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். பெரிய பெயர் என்பதற்காக யாரையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் எதை வைத்து அளந்தார் என்பது கடைசி வரை தெரியவில்லை. எந்தக் கதையில் எந்த இடம் சரியில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது.

எங்களுக்குச் சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. 1976-ல் நான் ஆறாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் பட்டறையில் உட்கார்ந்து சத்தமாகக் கதை படிப்பது என் வேலை. பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து பைண்டு செய்த புத்தகங்கள் எங்கள் தெருவில் வீடு வீடாகக் கைமாறிக்கொண்டிருந்த காலம். அத்தைமார் நாலு பேர் வளையம் கோத்துக்கொண்டிருப்பார்கள். பெரியப்பா விளக்குச் சுடரில் ஊதுகுழலை வைத்து ஊதிப் பற்றவைப்பார். கதை பிடித்துவிட்டால் குழலை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார். பிடிக்காவிட்டால் புஸ் புஸ் என்று ஊதல் நிற்காது. இன்றைக்கும் எனக்கு அதுதான் அளவுகோல்.

பொன்னியின் செல்வனுக்குக் குழல் நின்றது. வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை மேல் வரும்போதே நின்றுவிட்டது. அத்தியாயத்தை ஆபத்தில் நிறுத்தி அடுத்த வாரத்துக்கு இழுப்பது மலிவான உத்தி என்கிறார் கட்டுரையாளர். 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியவர் கல்கி. நாளெல்லாம் குனிந்து வேலை செய்து முதுகு வலிக்கிறவர்களை ஐந்து பாகமும் பிடித்து உட்காரவைப்பது மலிவான காரியமா? அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கல்கி விஷயத்தில் அளவு மீறியது வேறு இடத்தில். அவர் எழுதிய கதையை நாம் சரித்திரம் ஆக்கிவிட்டோம். 2022-ல் பொன்னியின் செல்வன் படம் வந்தபோது, அதில் வரும் நந்தினிக்கு எந்த ஊர், அவளுக்குக் கல்வெட்டு இருக்கிறதா என்று என்னிடமே கேட்டார்கள். நந்தினி கல்கியின் கற்பனை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை தொடர்பாக உடையார்குடிக் கல்வெட்டில் இருப்பவை சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற பெயர்கள். கற்பனைப் பெண்ணுக்குக் கல்வெட்டு தேட வைத்தது எழுத்தின் பலம். அதை நம்பிக்கொண்டு திரிவது நம் தவறு. இதற்கு அவரை ஏன் கூண்டில் ஏற்ற வேண்டும்?

மு.வ.வைப் பற்றிக் கட்டுரையாளர் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். 'அகல் விளக்கு' 1961-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். அதை நான் படித்தபோது அறிவுரை வரும் இடமெல்லாம் ஊதல் சத்தம் கேட்டது. "நல்லதுதான் சொல்றாரு கண்ணு, ரெண்டு பக்கம் தள்ளிப் படி" என்பார் சின்ன அத்தை. அதே அத்தை மறுநாள் நான் பையை வைப்பதற்கு முன்பே "சந்திரன் என்ன ஆனான்?" என்று கேட்டார். வேலய்யனின் ஒழுக்கம் அவருக்கு மனதில் நிற்கவில்லை, கெட்டுப்போன சந்திரன் நின்றான். அந்தச் சந்திரனைப் படைத்ததும் மு.வ.தானே?

ஜெயகாந்தனின் மனிதர்கள் மேடையேறியது போல் பேசுகிறார்கள் என்ற குறையும் சரிதான். ஆனால் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' நாவலில் தந்தையின் வீட்டைத் தேடி வரும் ஹென்றியைப் படித்துவிட்டு அந்தக் குறையைச் சொல்ல வேண்டும். விருதுகளைப் பற்றி நிறைய எழுதியிருந்தார். 1975-ம் ஆண்டுக்கான ஞானபீடம் அகிலனுக்குக் கிடைத்தது, சித்திரப்பாவைக்காக. தமிழுக்கு வந்த முதல் ஞானபீடம் அது. சேலம் புத்தகத் திருவிழாவில் என் அண்ணன் பேத்தியிடம் அகிலன் என்றேன். "யார் தாத்தா அவர்?" என்றாள். விருதை வைத்து ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்.

இப்போது எனக்கு உண்மையாக வருத்தம் தந்த விஷயத்துக்கு வருகிறேன். புதுமைப்பித்தனை 'விமர்சகர்கள் ஊதிப் பெரிதாக்கிய பெயர், சாதாரண வாசகருக்கு எட்டாதவர்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். ஒரு நாள் தொடர் கிடைக்காததால் நூலகப் புத்தகம் ஒன்றிலிருந்து 'பொன்னகரம்' படித்தேன். நாலைந்து பக்கம்தான். அம்மாளு மில் கூலி. புருஷன் அடிபட்டுக் கிடக்கிறான், பால் கஞ்சி கேட்கிறான், வீட்டில் காசில்லை. இருட்டுச் சந்துக்குள் போய்விட்டு முக்கால் ரூபாயோடு வருகிறாள். எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை. படித்து முடித்து நிமிர்ந்தேன். வளையம் கோக்கும் சத்தம் இல்லை. பெரியப்பா குழலைத் தரையில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய அத்தை, "முக்கால் ரூபாய்க்கா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அவர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. 42 வயதில் செத்துப்போன புதுமைப்பித்தன் அவருக்கு எட்டாதவரா?

அளவுக்கு மீறிய புகழ் என்று பேசினால், அந்த நிழலில் மறைந்தவர் யார் என்றும் பேச வேண்டும். அது கட்டுரையில் இல்லவே இல்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-ல் வந்தது. புருஷனை இழந்த ஒரு கொங்கு நாட்டுப் பெண், கொழுந்தன் சின்னப்பனிடம் தன் நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள். அவ்வளவுதான் கதை. பாகம் பிரித்த வீட்டில் பிறந்தவர்களுக்கு அதில் ஒரு வரி அந்நியமாக இருக்காது. நம் பக்கத்துப் பேச்சு அச்சில் இப்படி வரும் என்று எனக்குக் காட்டிய புத்தகம் அது. புத்தகத் திருவிழாவில் ஏழெட்டுக் கடைகளில் கேட்டேன். கிடைக்கவில்லை. வாசலிலேயே பொன்னியின் செல்வன் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த இதழில் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதைச் சுருக்கி, 'நாகம்மாள்' நாவலிலிருந்து ஓர் அத்தியாயத்துக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். எங்கள் பட்டறையில் இப்போது ஆறு பேர் வேலை செய்கிறார்கள், நாளெல்லாம் எஃப்.எம். பாடுகிறது. இதழ் வந்த அன்று அதை நிறுத்திவிட்டு நானே படித்துக் காட்டுகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
செவ்வாய்பேட்டை, சேலம்.